முதல் சாவி

சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யாரோ தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு, திறக்க மனமில்லாமல் திரும்பிப் போனதுபோல. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மாசி மறுபடி திருப்பினான். 'டக்'. ஹாரனை அழுத்தினான், கணீரென்று அடித்தது. முன்விளக்கைப் போட்டான், எதிரே அரிசிக்கடையின் இரும்புக் கதவில் மஞ்சளாக விழுந்தது. எல்லாம் இருந்தது. கிளம்புவது ஒன்றுதான் இல்லை.

"தள்ளணுமா நைனா?" என்றபடி தலை முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார் வீராசாமி. காஞ்சிபுரத்தில் அந்தக் கடைக்கு மூட்டை இறக்குகிறவர். கேட்டு முடிப்பதற்குள் அவருடைய இரண்டு கைகளும் வண்டியின் பின்கதவுக்குப் போய்விட்டன.

"இருங்கண்ணே, இன்னொரு வாட்டி பாத்துக்கறேன்."

"நேத்தும் இதத்தான் சொன்ன. முந்தாநேத்து மட்டும் மருவாதியா கெளம்பிச்சு. மாமியா வூட்டுக்கு வந்த மாப்ள மாதிரி கீதுபா உன் வண்டி. எப்ப எழுந்திருக்கும், எப்ப மூஞ்ச தூக்கி வெச்சிக்கும்னு எவனுக்கும் தெரியல."

மூன்று பேர் தள்ளினார்கள். இருபதடி ஓடியதும் கிளட்சை விட்டான். வண்டி ஒரு தரம் குலுங்கி, இருமி, உயிர் பிடித்தது. வீராசாமி கையை உதறிக்கொண்டு நிற்பது கண்ணாடியில் சிறிதாகத் தெரிந்தது. நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம்தான். நின்று அணைந்துபோனால் மறுபடி அவரையே கூப்பிட வேண்டும். கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினான்.

உத்திரமேரூர் பெரிய ஏரியின் கரையோரம் இருபத்திரண்டு வீடுகள் கொண்ட இருளர் குடியிருப்பில், லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் மாசி. மாசி மகத்தன்று பிறந்தவன். அதனால் அந்தப் பெயர். எட்டாம் வகுப்பைத் தாண்டியிருந்ததால்தான் லைசென்ஸ் கிடைத்தது. அந்த எட்டாம் வகுப்புச் சான்றிதழை அவன் மனைவி வீரம்மாள் பாலிதீன் பையில் சுற்றி, கரையான் ஏறாதபடி கூரைக் கழியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். லைசென்ஸ் போட்டோவில் அவன் போட்டிருப்பது இரவல் சட்டை. காலர் கழுத்தைவிட்டு விலகி, சட்டை வேறு யாருக்கோ காத்திருப்பதுபோல நிற்கும்.

பத்து வருஷம் சுப்பிரமணியின் களத்தில் மூட்டை தூக்கியவன் அவன். சுப்பிரமணிக்கு ஏரிப் பாசனத்தில் நிலமும், கூடவே அரிசி வியாபாரமும். பழைய பிக்கப் வண்டி ஒன்றை அவர் வாங்கிக்கொண்டு வந்தபோது, டிராக்டர் ஓட்டிப் பழகியிருந்த மாசியைக் கூப்பிட்டு, "இத நீ ஓட்டுவியாடா?" என்றார். அன்றிலிருந்து மூட்டை அவன் முதுகிலிருந்து இறங்கி, முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. மாசிக்கு அது சின்ன தூரம் இல்லை.

வண்டி விஷயத்தில் சுப்பிரமணி ஒரு முறை வைத்திருந்தார். காலையில் களத்துக் கொட்டகையில் இருபது மூட்டை ஏற்றிக் கயிறு கட்டி முடித்ததும், குளித்து விபூதி பூசிக்கொண்டு வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவி போட மட்டும் தெரியும். "முருகா" என்று திருப்புவார். இன்ஜின் உறுமும். உடனே இறங்கி, "ம், எடு" என்பார். அன்றைய முதல் சாவி அவர் கையால்தான். கைராசிக்காரர் கையால் முதல் போணி வாங்கக் கடைக்காரர்கள் காத்திருப்பதில்லையா, அதுபோல. இன்னொரு கட்டளையும் உண்டு. பாரம் இறங்கும்வரை இன்ஜினை அணைக்கக் கூடாது. வழியில் டீ குடித்தாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் நிற்க வேண்டும். நடுவில் அணைத்தால் ராசி அறுந்துபோகுமாம். காஞ்சிபுரத்தில் மூட்டை இறங்கி, வண்டியை அணைத்து, திரும்பக் கிளம்பும்போதுதான் மாசியின் கை சாவியைத் தொடும்.

இரண்டு வருஷம் இந்த முறையில் ஒரு குறையும் வரவில்லை. இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து, ஐப்பசி மழையோடு மழையாக 'டக்' தொடங்கியது.

முதலில் ஈரம் என்றார்கள். மழை விட்டது; 'டக்' விடவில்லை. தாமோதரனிடம் வண்டியைக் கொண்டுபோனான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர் அவர். வேறு பேட்டரி போட்டுப் பார்த்தார். பேட்டரியின் முனைகளைச் சுரண்டி கிரீஸ் தடவினார். வண்டியை ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்து, இன்ஜினைப் புரட்டும் செல்ப் மோட்டாரைக் கழற்றிப் பிரித்து, துடைத்து, மாட்டினார். எழுந்து வந்து, ஜாக்கியை இறக்காமல், கையைக்கூடத் துடைக்காமல் தானே சாவியைப் போட்டார். கிளம்பியது. பத்து தரம் போட்டார். பத்து தரமும் கிளம்பியது.

மூன்று நாள் கழித்து மாசி மறுபடி போனான். மறுபடி ஜாக்கி, மறுபடி பத்து தரம்.

"டாக்டரப் பாத்ததும் காச்ச எறங்கிப்போன கதையா கீது," என்றார் தாமோதரன். "எங்கிட்ட வந்தா சமத்தா கீது. உங்கிட்ட தான் வம்பு பண்ணுது."

"ஒயர் எங்கியாவது லூசா இருக்குமாண்ணே?"

"எல்லாத்தையும் இழுத்துப் பாத்துட்டேன். பேட்டரிலேந்து ஒரு ஒயர்ல கரண்டு போவுதா, அது திரும்பி வர்றதுக்கு வண்டி இரும்பே தான் வழி. அதுக்குத்தான் இன்னொரு ஒயர சேசிஸ் சட்டத்துல போல்ட் போட்டு முடுக்கி வெச்சிக் கீது. அதுவும் கல்லு மாதிரி கீது, அசையல. இன்னா பேஜார்னே புரியலபா."

தெரிந்தவருக்கே புரியவில்லை என்றால், தெரியாதவன் எந்தப் பக்கம் திரும்புவது? மாசி தலையாட்டிவிட்டு வந்தான்.

தாமோதரன் விளையாட்டாகச் சொன்னது எப்படியோ சுப்பிரமணியின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் அவர் மாசியைக் களத்துக்கு நடுவில் நிறுத்திக் கேட்டார்.

"ஏன்டா, என் கைக்கு ஒரு நாளாவது இது மக்கர் பண்ணிச்சா?"

"இல்ல மொதலாளி."

"தாமோதரன் கைக்கு?"

"இல்ல மொதலாளி."

"அப்ப?"

மாசி யோசித்தான். யோசிக்க யோசிக்க அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் மிஞ்சியது. அதை அவரே சொல்லிவிட்டார்.

"தப்பா நெனைக்காத. சில பேரு கைக்கு சில பொருளு ஒத்துக்காது. மாசி மகத்துக்கு உங்க ஆளுங்கள வருஷா வருஷம் கூட்டிக்கினு போவியே, இந்த வாட்டியும் வண்டி எடுத்துக்கினு போ. போயி வந்து சாவியக் குடுத்துடு. அப்பால மோகன் ஓட்டட்டும். உன்ன நிறுத்தல, இன்னா? பழையபடி மூட்ட தூக்கு."

மோகன் என்கிற மோகன்குமார், சுப்பிரமணியின் மனைவி தேவகியின் அண்ணன் மகன். செங்கல்பட்டில் லைசென்ஸ் வாங்கிவிட்டு மூன்று மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தான்.

மகத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தன. பன்னிரண்டு நாளும் மாசி வண்டியைப் பார்த்ததைவிடத் தன் கையைத்தான் அதிகம் பார்த்தான். இடது கையால் சாவி போட்டுப் பார்த்தான், கிளம்பியது. அடுத்த நாளும் இடது கையால் போட்டான், 'டக்'. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைக்கத் தொடங்கினான். எந்தத் திசை பார்த்து நிறுத்தியது, எந்தக் காலை முதலில் வைத்து ஏறியது, வெயிலா மூட்டமா, கிளம்பியதா இல்லையா. தாள்கள் சேர்ந்தனவே தவிர, ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளவில்லை. தெற்கு பார்த்து நின்ற வண்டி செவ்வாய்க்கிழமை கிளம்பி, புதன்கிழமை கிளம்பவில்லை.

பிறகு வேறு நினைவுகள் வரத் தொடங்கின. அவன் நட்டு வைத்த முருங்கைக் கொம்பு துளிர்க்கவே இல்லை. அவன் அடைவைத்த பன்னிரண்டு முட்டையில் நாலுதான் பொரிந்தது. இதெல்லாம் அப்போதே இருந்திருக்கிறது, தான்தான் கவனிக்கவில்லையோ? அடுத்த வீட்டில் பிறந்த குழந்தைக்குத் தொட்டில் கட்டக் கூப்பிட்டார்கள். உத்தரத்தில் கயிற்றைப் போட்டவன், முடிச்சை மட்டும் மச்சான் மணியைப் போடச் சொன்னான்.

வீரம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். "இன்னாயா, எப்பப் பாத்தாலும் கையவே மொறச்சிக்கினு கீற? கிளி ஜோசியம் கத்துக்கப் போறியா?" என்றாள்.

"இந்தக் கையில எதுனா கீதா பாரு."

அவள் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "கிரீஸ் கீது," என்றாள். "போயி சீயக்கா போட்டுக் கழுவு. சோறு துன்னணும்."

மகத்துக்கு முந்தின நாள் பிற்பகல், ஏரிக்கரைச் சரிவில் மூக்கு கீழே பார்க்க வண்டியை நிறுத்தினான் மாசி. சாவி கைவிட்டாலும் உருட்டிக் கிளப்பிக்கொள்ளலாம். மாமல்லபுரத்துக் கடற்கரையில் கன்னியம்மனுக்குப் படையல் போட, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக இருபத்து மூன்று பேர் பாத்திரம், விறகு, பாய் சகிதம் ஏறினார்கள். சுப்பிரமணி அன்று ஊரில் இல்லை. அதனால் முதல் சாவி போட ஆள் இல்லை. மாசி மனசுக்குள் அம்மனை வேண்டிக்கொண்டு, கடைசி முறையாக ஓட்டப்போகிற வண்டிக்குச் சாவியைப் போட்டான்.

ஒரே திருப்பு. கிளம்பிவிட்டது. பின்னால் குலவை எழுந்தது.

"அய்ய, கோழி!" என்று அலறினாள் வீரம்மாள். "அம்மனுக்கு நேந்துவுட்ட கோழிய வூட்லயே கட்டிட்டு வந்துட்டேன்!"

அவள் குதித்து ஓடினாள். மாசி இன்ஜினை அணைத்தான். இதற்காகவே காத்திருந்ததுபோல ஆட்கள் இறங்கினார்கள். பிள்ளைகள் ஏரிக்குள் கல் எறிந்தார்கள். பெண்கள் மறந்துபோன வேறு ஏதாவது உண்டா என்று பாத்திரங்களை இறக்கி எண்ணினார்கள். மாசி சும்மா இருக்க முடியாமல் சாவியைத் திருப்பினான். 'டக்'. அவன் முகம் விழுந்துவிட்டது.

கோழியோடு வீரம்மாள் வந்தாள். எல்லோரும் ஏறினார்கள். உருட்டிவிட வேண்டியதுதான் என்று பிரேக்கை விடப்போனவன், பழக்கத்தில் ஒரு தரம் சாவியைத் திருப்பினான். கிளம்பியது.

மாசி அணைத்தான். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். திசை அதே திசை. கை அதே கை. வெயில்கூட நகரவில்லை. கதவைத் திறந்து இறங்கிப் பின்னால் வந்தான்.

"எல்லாரும் கொஞ்சம் எறங்குங்க."

"இப்பதானே ஏறினோம்?"

"எறங்குங்க, சொல்றேன்."

இறங்கினார்கள். போய்ச் சாவி போட்டான். 'டக்'.

"இப்ப ஏறுங்க."

"இன்னா மச்சான், சினிமா படம் புடிக்கிறியா?" என்றான் மணி. ஏறினார்கள். கிளம்பியது. இறங்கச் சொன்னான். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். 'டக்'. பாதிப் பேரை மட்டும் ஏறச் சொன்னான். ஒரு தரம் கிளம்பியது, ஒரு தரம் 'டக்'.

"மாமாவுக்குப் பயித்தியம் புடிச்சிகிச்சி," என்று ஒரு பெண் சிரித்தாள். "மாமல்லபுரத்துல சாமி வர்றது போயி, இங்கியே வந்துடுச்சி!"

"எனக்கு முட்டி போச்சு," என்றாள் வீரம்மாள், கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு. "இதுக்கு மேல என்ன எறங்கச் சொன்ன, நான் நடந்தே போயிடுவேன்."

மாசி சக்கரங்களுக்குக் கல் வைத்தான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டான். "இப்ப ஏறுங்க, பதனமா," என்று அடியிலிருந்து அவன் குரல் வந்தது.

தலைக்கு மேலே பலகைத் தளம் ஒரு விரற்கடை தாழ்ந்தது. அதைத் தாங்கும் நீள இரும்புச் சட்டம் மெல்ல முனகியது. பேட்டரிப் பெட்டியிலிருந்து வரும் கறுப்பு ஒயர் அந்தச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட் அசையவில்லை. ஆனால் அதன் அடியில் மாட்டியிருந்த செம்பு வளையம் ஒரு மயிரிழை திரும்பிக் கொடுத்தது. இறங்கினார்கள், மயிரிழை திரும்பிப் போனது. வளையத்துக்கு அடியில், நிலா வெளிச்சம் மாதிரி, வெள்ளிப் பெயிண்ட்.

அவனுக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. சுப்பிரமணி வெள்ளிப் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றார். "மேல மட்டும் அடிக்காதடா. சாமி அடியிலயும் பாக்கும். ஒரு விரல் எடம் வுடக்கூடாது," என்றார். மாசி ஒரு விரல் இடம் விடவில்லை. அந்த ஒயருக்குக் கீழேகூட விட மனமில்லாமல், போல்ட்டைக் கழற்றி, ஒயரை விலக்கி, அந்த இடத்தையும் மூன்று கோட்டிங் அடித்து, காயவிட்டு, திரும்ப மாட்டி, பல்லைக் கடித்து முடுக்கியிருந்தான். தாமோதரன் இழுத்துப் பார்த்தபோது அது அசையாததற்குக் காரணம் அந்த முடுக்குதான்.

பெயிண்டுக்கு மேல் உட்கார்ந்த ஒயர் இரும்பைத் தொடவில்லை. விளக்கெரிய, ஹாரன் அடிக்க அந்த அரைகுறைத் தொடுதல் போதும். இன்ஜினைப் புரட்டப் போதாது. பாரம் ஏறினால் சட்டம் வளைந்து வளையம் எங்கோ ஒரு கீறலில் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கினாலும் அதே வளைவு. இருபது மூட்டை ஏற்றிய பிறகுதானே முதலாளி சாவி போடுகிறார். மூட்டை இறங்கிய பிறகுதானே நான் போடுகிறேன்.

அப்படியென்றால் கை காரணமில்லை. ஆனால் அந்தப் பெயிண்டை அடித்தது இந்தக் கைதானே? மாசி வண்டிக்கு அடியில் படுத்தபடியே இருந்தான். சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா என்று தெரியவில்லை.

"தூங்கிட்டியாய்யா?" என்றாள் வீரம்மாள், குனிந்து.

கடற்கரை மணலில் கழிகளை நட்டு, புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். அடுப்புப் புகை கடல் பக்கம் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. மாசி எல்லாவற்றையும் வீரம்மாளிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே கோழியின் இறகைப் பிடுங்கினாள்.

"இதுல யோசிக்க இன்னா கீது?" என்றாள். "காலைல அந்த எடத்த சொரண்டி வுட்டுட்டு கம்முனு இரு. வண்டி கெளம்பும். கடல்ல முழுகினான், தோசம் போச்சின்னு அவங்களே சொல்லிக்குவாங்க. உன் வேலயும் போவாது."

"அப்ப இத்தினி நாளு என் கை கெட்ட கைன்னு ஆயிடும்ல?"

"ஆனா ஆவட்டும். நீ போயி, பெயிண்ட் அடிச்சி வெச்சது நான்தான்னு சொன்னா மட்டும் மால போடுவாங்களா?"

அவள் சொல்வது சரி. அவனுக்கும் அது சரியென்றுதான் பட்டது. விடியற்காலை அலைக்குள் இறங்கி நின்றபோதும் சரியென்றே பட்டது. கன்னியம்மனுக்குப் படையல் போட்டுக் கற்பூரம் காட்டியபோது, மணி தன் குழந்தையை நீட்டி, "திருநீறு வெச்சிவுடு மச்சான்," என்றான். மாசியின் கை பாதியில் நின்றது. மணி குழந்தையைப் பிடித்தபடி காத்திருந்தான். அலை வந்து போனது. பிறகுதான் மாசி விரலைத் தட்டில் தொட்டு வைத்தான். அவசர அவசரமாக, சூடுபட்டவன்போல.

திரும்பும்போது சுரண்டவில்லை. ஆட்களைக் குடியிருப்பில் இறக்கிவிட்டு, இன்ஜினை அணைக்காமலே வண்டியைச் சுப்பிரமணியின் களத்துக்குக் கொண்டுபோனான். அங்கே போய் அணைத்தான்.

மோகன்குமார் கூலிங்கிளாசைச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். மாசி வண்டியைவிட்டு இறங்கிச் சாவியைச் சுப்பிரமணியிடம் நீட்டினான். அவர் அதை மோகனிடம் கொடுக்கப் போனார்.

"மொதலாளி," என்றான் மாசி. "நீங்க ஒரு வாட்டி போடுங்க."

"இப்ப ஏன்டா? லோடு எதுவும் இல்லியே."

"லோடு இல்லாததால தான் மொதலாளி. ஒரே வாட்டி."

சுப்பிரமணிக்கு விளங்கவில்லை. இருந்தாலும் புது டிரைவருக்குக் கைமாறும் நேரம். தன் கையால் போட்டுக் கொடுப்பதும் முறைதான் என்று பட்டிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். "முருகா" என்று திருப்பினார்.

கிளம்பிவிட்டது. காலி வண்டி, ஒரே திருப்பில்.

"பாத்தியாடா!" என்று சிரித்தார் சுப்பிரமணி. மோகன்குமாரும் சிரித்தான். மாசி வண்டியின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தான். ஏரிக்கரையில் பார்த்ததெல்லாம் என்ன? இருபத்து மூன்று பேரும் ஏறி இறங்கியது பொய்யா? தன் கண்ணால் பார்த்த மயிரிழை பொய்யா? கைதானா, கடைசியில் கைதானா?

"அணைச்சிட்டு இன்னொரு வாட்டி போடுங்க மொதலாளி."

தன் குரலா அது என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒன்றை இரண்டாம் முறை கேட்டதில்லை. சுப்பிரமணி சிரிப்பை நிறுத்திவிட்டு அவனை ஒரு தரம் பார்த்தார். அணைத்தார். திருப்பினார்.

'டக்'.

மறுபடி திருப்பினார். 'டக்'. "முருகா" என்று சொல்ல மறந்துவிட்டது நினைவுக்கு வந்ததுபோல, வாய்விட்டுச் சொல்லித் திருப்பினார். 'டக்'. சாவியிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையைத் தன் முகத்துக்கு நேரே திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வை மாசிக்குத் தெரிந்த பார்வை. பன்னிரண்டு நாள் அவன் பார்த்த பார்வை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கையில ஒண்ணும் இல்ல மொதலாளி. அப்பிடியே உக்காந்திருங்க," என்றான்.

ஸ்பேனரையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். போல்ட்டைக் கழற்றினான். உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தான். வெள்ளி பொடிப்பொடியாகக் கண்ணில் விழுந்தது. பெயிண்ட் போய் வெற்று இரும்பு வெளியே வந்ததும் வளையத்தை வைத்து முடுக்கினான். "இப்ப போடுங்க," என்றான்.

கிளம்பியது. அணைத்துப் போடச் சொன்னான், கிளம்பியது. ஏழு தரம் போட்டார் சுப்பிரமணி. எட்டாவது தரம் மோகன்குமாரைப் போடச் சொன்னார். அவன் கைக்கும் கிளம்பியது.

மாசி வெளியே வந்து, மூட்டை ஏறினால் சட்டம் எப்படி வளைகிறது, இறங்கினால் என்ன ஆகிறது, காலி வண்டியிலும் சில தரம் வளையம் எப்படித் தற்செயலாக இரும்பைத் தொட்டுவிடுகிறது என்று தரையில் குச்சியால் கிழித்துக் காட்டிச் சொன்னான். சுப்பிரமணி கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"அந்த எடத்துல பெயிண்ட் அடிச்சது எவன்டா?"

இந்த இடம் வரும் என்று மாசிக்குத் தெரியும். கடலிலிருந்து வரும் வழியெல்லாம் இதற்கு வேறு ஏதாவது பதில் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தான். "நான் தான் மொதலாளி. போல்ட்ட கழட்டி, உள்ளயும் அடிச்சிட்டு மாட்டினேன்," என்றான்.

"அப்ப சுத்தி வளைச்சி உன் கையாலதானே வந்திச்சி!"

"டப்பா வாங்கியாந்தது யாரு?" என்று வீட்டுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. தேவகி முறத்தோடு நின்றிருந்தாள். "சாமி அடியில பாக்கும், ஒரு விரல் எடம் வுடாதன்னு நின்னு வெரட்டினது யாரு? என் காதால கேட்டேன். நல்லா பாத்திச்சி உங்க சாமி."

தேவகி தன் அண்ணன் மகன் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டாள்.

"அப்ப நான், மாமா?" என்றான் மோகன்குமார்.

"நீ மொதல்ல நாஷ்டா துன்னு. உனக்கு வேற பாக்கலாம்." சுப்பிரமணி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். இரண்டு எட்டு நடந்தவர், திரும்பாமலே சொன்னார்: "நாளைக்கு லோடு கீது. வெள்ளனமே வந்துடு."

யாரிடம் சொன்னார் என்று மாசிக்கு ஒரு கணம் புரியவில்லை. மோகன்குமாரைப் பார்த்தான். அவன் வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். சாவி வண்டியிலேயே இருந்தது.

மறுநாள் காலை இருபது மூட்டை ஏறியது. சுப்பிரமணி விபூதியோடு வந்தார். செருப்பைக் கழற்றினார். ஏறி உட்கார்ந்து சாவிக்கு நேரே கையைக் கொண்டுபோனவர், அங்கேயே நிறுத்தினார். மூட்டை ஏற்றியவர்கள் நான்கு பேர் கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தோள்பட்ட புடிச்சிக்கினு கீது," என்று இறங்கினார். "நீயே போடு."

மாசி ஏறினான். காலைத் துடைத்துக்கொண்டுதான் ஏறினான். திருப்பினான். கிளம்பியது. ஆனால் அதில் அவனுக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் இருபது மூட்டை இருக்கிறதே. இருபது மூட்டை இருந்தால் எப்போதும்தான் கிளம்பும். ஐயங்கார்குளம் தாண்டும்போதும், ஓரிக்கைப் பாலத்தின் மேல் போகும்போதும் அவனுக்கு அதே நினைப்புதான்.

காஞ்சிபுரத்தில் மூட்டை இறங்கியது. வண்டியை அணைத்தான். டீ குடிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தான். வீராசாமி முண்டாசை இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்கதவில் இரண்டு கைகளையும் ஊன்றித் தயாராக நின்றிருந்தார்.

"தள்ளாதீங்கண்ணே."

"ஏன், நான் கெழவன் ஆயிட்டனா? நீ வுடு, நான் தள்றேன்."

மாசி திருப்பினான். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. முழு எடையையும் கதவில் கொடுத்திருந்த வீராசாமி நிலைகுலைந்து, கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சொல்லக் கூடாதாடா பாவி! மூக்கு ஒடஞ்சிருக்கும்!"

மாசி அணைத்தான். மறுபடி திருப்பினான். கிளம்பியது. அணைத்தான். திருப்பினான். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வீராசாமி முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"நல்லாத்தானே கீது? இன்னாத்துக்கு அணைச்சி அணைச்சி போடற? இன்னா ஆச்சி உனக்கு?"

மாசி சாவியைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீயக்காய் போட்டு இரண்டு தரம் கழுவியும், கட்டைவிரல் நகத்தோரம் ஒரு பொட்டு வெள்ளி போகாமல் இருந்தது.

"ஒண்ணும் இல்லண்ணே," என்றான். "இன்னும் ஒரே ஒரு வாட்டி."